பிஞ்சு விரலுக்குப் பொன்யாளி ஆகாது

நலம் நிலைக்க. மலை தழைக்க, கடல் அடங்குக.

கருங்குன்ற நாட்டை உடையவரும், இரும்புச் சுரங்கங்கள் அனைத்துக்கும் காவலரும், யாளிக் கொடியை எந்நாளும் தாழ விடாதவரும், பகைவரின் வாள்களைப் பறித்து உருக்கித் தம் கோட்டைக் கதவுக்குத் தாழ் செய்து போட்டவரும், எம் உடன்பிறந்த தமையனாருமாகிய நெடுவேலரையர் திருமுன்பு, சங்குத்துறை நாட்டின் அரசியும், கடல்மேற் சென்ற மன்னர் திரைகொண்டார் மீளும் வரையில் சங்கு முத்திரையைக் கைக்கொண்டு ஆள்பவளும், தங்கள் இளையவளுமாகிய நறுங்கோதை வணங்கி விடுக்கும் திருமுகம்.

தங்கள் மலைகளில் மழை உரிய காலத்தில் பொழிக. தங்கள் உலைகள் அவியாதிருக்க. சென்ற போரில் தங்கள் இடத்தோளில் பட்ட புண் குளிர்காலத்திலும் வலி தராதிருக்க. இங்கே நாடு நலம். உப்பளங்கள் நன்றாக விளைந்தன. முத்துக் குளிப்போர் கை நிறையக் கொண்டு வந்தார்கள். குடிகள் வரியைப் பற்றி முணுமுணுக்கிறார்கள், ஆகவே அவர்களும் நலமாகத்தான் இருக்கிறார்கள். மன்னரின் கலங்கள் தென்தீவை அடைந்துவிட்டன என்று செய்தி வந்தது. தங்கள் மருமகனும் எம் மகனுமாகிய அலையேந்தல் பால் குடிக்கிறான், உறங்குகிறான், விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறான். இவ்வளவும் நலம் என்று எழுதச் சொல்லிவிட்டேன். ஆனால் அண்ணா, நான் சொல்லச் சொல்ல எழுதும் ஓலைநாயகம் நலம் என்ற சொல்லைக் கீறும்போது என் கண் தொட்டிலின் பக்கமே இருந்தது.

எழுத வந்த பொருள் இது. தங்கள் மருமகனுக்கு நகம் வளர்கிறது.

நாடாள்வோர் ஓலையில் ஏற்றத் தக்க பொருளா இது என்று தங்கள் அவையோர் நகைக்கலாம். நகைத்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன். எம் அமைச்சர் கூத்தனாரும் இதையே பணிவான சொற்களில் சொன்னார். எல்லைக் காவலைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு அதன் நடுவே நகத்தைப் பற்றி மெல்லச் சொன்னால் மரியாதையாக இருக்கும் என்றார். எல்லையைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எல்லை எங்கும் ஓடிவிடாது.

பிறந்த குழந்தையின் நகத்தைத் தாங்கள் அண்மையில் பார்த்திருக்க வழியில்லை; தங்கள் அரண்மனையில் தொட்டில் கட்டி வெகுகாலம் ஆயிற்று. அது வெங்காயத் தோலினும் மெல்லியது. மெல்லியது என்பதால் மழுங்கியது என்று எண்ண வேண்டா. அதன் ஓரம் தாழை மடல் போல அறுக்கிறது. தன் கை தன்னுடையது என்பதே அவனுக்கு இன்னும் தெரியாது. அது எங்கிருந்தோ வருகிறது, முகத்தைக் கீறுகிறது, அவன் அழுகிறான். அழ அழக் கை இன்னும் வேகமாக வீசுகிறது. முதலில் மூக்கின்மேல் ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்துச் செவிலி மருதியும் நானும் சிரித்தோம். பின்பு இடக்கண்ணுக்குக் கீழே ஒன்று விழுந்தது. அப்போது எவரும் சிரிக்கவில்லை. அரிசி அகலம் மேலே ஏறியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று அரண்மனை மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் எங்கே போவேன்?

வெட்டிவிடலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். எம் திருமணத்தின்போது இரு நாட்டு எல்லையில் நட்ட கல்லைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிறக்கும் பிள்ளையின் முதல் நகமும் முதல் முடியும் முதல் காதுகுத்தும் தாய்மாமனுக்கு உரியவை என்றும், மாமன் வீட்டு இரும்பு தொடும் முன்பு வேறு இரும்பு பிள்ளையைத் தொடலாகாது என்றும், தொட்டால் இரு வீட்டு உறவும் அற்றது என்றும் அதில் பொறித்திருக்கிறது. கல்லை நட்டபோது நானும் மாலையோடு பக்கத்தில் நின்றேன். அன்று எனக்குப் பிள்ளையும் இல்லை, பிள்ளையின் நகம் எப்படியிருக்கும் என்ற நினைப்பும் இல்லை. காதுக்கு இனிமையாக இருந்தது, தலையாட்டிவிட்டேன்.

ஆகவே இரும்பு தொடாமல் என்னென்ன செய்யலாமோ அவற்றையெல்லாம் செய்தோம். பட்டில் கையுறை தைத்தோம். நெசவாளர் பொன்னிழை ஓரம் வைத்துத் தந்தார்கள்; பார்க்க அழகுதான். ஒரு நாள் பிள்ளை பால் குடிக்க மறுத்து முகம் சிவக்க அழுதான். வயிற்று வலி என்று எண்ணி ஓமநீர் கொடுத்தோம், தோளில் போட்டுத் தட்டினோம், தூக்கிக்கொண்டு மாடம் முழுக்க நடந்தோம். கடைசியில் மருதிதான் கையுறையைக் கழற்றினாள். உள்ளே பிரிந்த ஓர் இழை அவன் சுட்டுவிரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் நாவற்பழத்தின் நிறத்தில் இருந்தது. அவள் இழையைப் பல்லால் கடித்து அறுத்தாள். விரலுக்குப் பழைய நிறம் திரும்பும் வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அன்று முதல் கையுறை என்ற சொல்லையே இங்கே எவரும் எடுப்பதில்லை.

பின்பு, ஊர்த் தாய்மார் செய்வது போல மருதி நகத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். அது நேராக அறாமல் சதை வரை கிழிந்து இறங்கி, மறுநாள் விரல்நுனி வீங்கிச் சீழ் கட்டியது. வாயின் அழுக்கு பிஞ்சுத் தோலில் ஏறலாகாது என்று மருத்துவர் கடிந்துகொண்டார். மருதி மூலையில் உட்கார்ந்து அழுதாள். சொரசொரப்பான பராய் இலையால் நகத்தைத் தேய்த்தோம். நகம் தேய்வதற்குள் தோல் சிவந்துவிட்டது.

இந்நிலையில் தங்கள் சீர் வந்தது.

இரண்டு யானை, முன்னே பறை, பின்னே பழத்தட்டு, நடுவே தங்கள் தூதர் செங்கணார். பட்டினமே தெருவில் திரண்டு நின்றது. என் தமையன் என்னை மறக்கவில்லை என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னேன். அவையில் அவர் கொண்டு வந்த தட்டை மூடியிருந்த பட்டுத்துணியை விலக்கினார்கள். பொன்னால் உடலும் கருங்குன்றத்து இரும்பால் வாயும் செய்த யாளி நகவெட்டி, மாணிக்கக் கண்களோடு என்னைப் பார்த்தது.

அண்ணா, அதன் அழகைக் குறைத்து ஒரு சொல் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பிடரியின் சுருள்களைத் தாங்களே உலைக்களத்தில் நின்று தட்டி எடுத்தீர்கள் என்று செங்கணார் சொன்னார். அந்தச் சுருள்களை நான் பல முறை விரலால் தடவிப் பார்த்தேன். தங்கள் அன்பை நான் அறியாதவள் அல்லள். ஆனால் யாளியின் வாய்தான் வெட்டும் அலகு. பிள்ளையின் விரலை அந்த வாய்க்குள் வைக்க வேண்டும். வைத்தால் யாளியின் தலை விரலை மறைத்துவிடுகிறது. எது நகம், எது சதை என்று பிடித்திருப்பவருக்குத் தெரிவதில்லை. மேலலகும் கீழலகும் ஊசிமுனையாக முடிகின்றன. எடையோ, அலையேந்தலின் கை தோள் முதல் விரல் வரை சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. பிடியில் பதித்த கற்கள் என் உள்ளங்கையை உறுத்துகின்றன; வியர்த்தால் பொன் வழுக்குகிறது. அந்த வேலையைச் செய்யும்போது வியர்க்காத தாய் எந்த நாட்டில் இருக்கிறாள்?

செங்கணார் எழுந்து, இந்த நகவெட்டி எருமைக் கொம்பை ஒரே கடியில் துண்டித்தது என்றும், பொற்காசைப் பிளந்தது என்றும், போர்க் கவசத்தின் வளையத்தை அறுத்தது என்றும் தங்கள் ஆயுதச் சாலைத் தலைவரின் சான்றை உரக்கப் படித்தார். அவை ஆரவாரித்தது. நான் ஆரவாரிக்கவில்லை. கருங்குன்றத்துக் கொல்லர் எதைச் செய்தாலும் வாள் செய்கிறார்கள். கரண்டி செய்யச் சொன்னாலும் எத்தனை தலை விழும் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நானும் அந்த மலையில் பிறந்தவள், ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இளவரசனுக்கு என்று சொல்லியிருப்பீர்கள். அவர்கள் இளவரசன் என்ற சொல்லைக் கேட்டார்கள், அவன் இன்னும் கழுத்து நிற்காத பிள்ளை என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய கலக்கம் மறுநாள் காலையில் தொடங்கியது. கருங்குன்றத்து இரும்பு தன் முதல் வேலையைச் செய்யும் வரை ஒவ்வொரு காலையும் சாணையில் தீட்டப்பட வேண்டும் என்பது நம் வழக்கம் அல்லவா? செங்கணார் சாணைக்காரரையும் உடன் கொண்டு வந்திருந்தார். விடிந்ததும் விருந்தினர் மாளிகையில் சங்கு ஊதி, சாணையைச் சுழற்றி, யாளியின் வாயைத் தீட்டினார்கள். சிறுமியாக இருந்தபோது அந்த ஓசையைக் கேட்டுத்தான் நான் கண் விழிப்பேன், எனக்கு அது பிடிக்கும். இப்போது அதைக் கேட்டால் பல் கூசுகிறது. நாள் சரியில்லை என்று சொல்லி ஒரு முறை தள்ளிப் போட்டேன். கோள் சரியில்லை என்று ஒரு முறை. பிள்ளைக்குச் சளி என்று ஒரு முறை. தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அலகு இன்னும் ஒரு மடங்கு கூர்மையாயிற்று. செய்யவும் அஞ்சினேன், செய்யாமலிருக்கவும் அஞ்சினேன். செங்கணார் குறை சொல்லவில்லை. முதல் நகம் விழுவதைத் தம் கண்ணால் கண்டு தங்களுக்கு உரைக்கும் வரை ஊர் திரும்பக் கூடாது என்பது தமக்கு இட்ட ஆணை என்று மட்டும் பணிவோடு நினைவூட்டினார்.

கூத்தனார் ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளையின் நகத்தின்மேல் மெழுகால் ஒரு நகம் ஒட்டி, யாளியால் அந்த மெழுகை வெட்டிவிடலாம் என்றார். இருபது ஆண்டு அமைச்சராக இருந்தால் புத்தி இப்படித்தான் போகும் போலும். செங்கணாரிடம் அதைச் சொன்னபோது, கண்டதைச் சொல்லும்படிதான் தமக்கு ஆணை, மெழுகைக் கண்டால் மெழுகு என்றே சொல்லும்படி ஆகும் என்று அவர் வருத்தத்தோடு மறுமொழி கூறினார்.

பிள்ளையின் விரலில் வைக்குமுன் வேறொன்றில் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தோட்டத்திலிருந்து பழுத்த கோவைப்பழங்களைப் பறித்து வரச் சொன்னேன். பிஞ்சு விரலின் மென்மைக்கு அதுவே அருகில் வருகிறது. அதன் நுனியில் நீர் தொட்டு, நகத்தளவு வெங்காயத் தோலை ஒட்டினேன். பழத்தைக் கீறாமல் தோலின் விளிம்பை மட்டும் வெட்ட வேண்டும். யாளியைக் கையில் எடுத்து, மெல்ல, மிக மெல்ல அழுத்தினேன். பழம் இரண்டாகி, சிவப்புச் சாறு என் மடியில் வழிந்தது. மருதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்பு அவளும் செய்து பார்த்தாள், கூத்தனாரும் செய்து பார்த்தார். கூடையிலிருந்த பழமெல்லாம் பாழாயிற்று. செங்கணார் தாமே கேட்டு வாங்கி முயன்றார். எத்தனையோ களம் கண்ட கை. பழம் சிதறி அவர் மீசையில் தெறித்தது. அதைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் காலையிலும் சாணை சுழன்றது.

அதன்பின் பட்டினத்தில் உள்ள வெட்டும் கருவிகளையெல்லாம் கொண்டு வரச் செய்தேன். நாவிதரின் நகக்கத்தி வந்தது. ஒற்றை அலகு, கை தவறினால் தடுக்க ஒன்றுமில்லை. பாக்குவெட்டி வந்தது, அதைக் கொண்டு வந்தவரைத் திட்டி அனுப்பினேன். பூத்தொடுப்போரின் கத்தரி வந்தது, முனை கூர். முத்துக் கோப்போர் நூலை நறுக்க வைத்திருக்கும் சிறு கத்தரியும் வந்தது. முத்தில் கீறல் விழுந்தால் விலை போய்விடும் என்பதால் அதன் இரு முனைகளையும் உருண்டையாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். அலகு என் சுண்டுவிரல் நகத்தளவுதான். எவ்வளவு விரித்தாலும் ஒரு நெல்லின் பருமனுக்கு மேல் வாய் திறக்காது, ஆகவே விரல்நுனி உள்ளே நுழைய இடமில்லை. வளைவு நகத்தின் வளைவோடு ஒத்துப் போகிறது. பிடியில் கல்லும் இல்லை, பொன்னும் இல்லை. சொரசொரப்பாக இருப்பதால் ஈரக்கையிலும் நழுவவில்லை. விரல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. கொதிநீரில் இட்டு எடுத்தால் அழுக்கு தங்க மூலை இல்லை. கோவைப்பழத்தில் வைத்துப் பார்த்தேன். வெங்காயத் தோலின் விளிம்பு மட்டும் உதிர்ந்தது. பழம் முழுதாக இருந்தது. நம்பாமல் இன்னொரு பழத்தில், இன்னொன்றில் என்று கூடை தீரும் வரை பார்த்தேன். நடுவே மருதியை என் முழங்கையைத் தட்டிவிடச் சொல்லியும் பார்த்தேன். பழத்தில் பள்ளம் விழுந்ததே தவிரக் கிழியவில்லை.

ஆயினும் அது மாமன் வீட்டு இரும்பு அன்று. ஆகவே அந்தக் கத்தரியின் மெழுகு அச்சை இத்தோடு அனுப்புகிறோம். தங்களை வேண்டுவது யாதெனில், அதைப் பார்த்துத் தங்கள் கொல்லர் கருங்குன்றத்து இரும்பில் ஒன்று செய்து, முனையைத் தேய்த்து, யாளி முதலிய உருவங்கள் ஏதும் வையாமல், சான்றும் பறையுமின்றி விரைந்த குதிரையில் அனுப்பிவைத்தருள வேண்டும் என்பதே. இவ்வளவு எழுதுவித்து, வணக்கம் சொல்லி, முத்திரை வைக்க அரக்கு உருக்கச் சொன்னேன்.

அரக்கு உருகும் முன் தொட்டிலிலிருந்து குரல் வந்தது.

ஓடினேன். அரசி ஓடலாகாது என்பார்கள், ஓடினேன். இடக்கண்ணின் வெள்ளையில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு. அவன் கண்ணை மூடவும் மாட்டாமல் திறக்கவும் மாட்டாமல் துடித்தான். மருத்துவரைத் தூக்காத குறையாகக் கொண்டு வந்தார்கள். கண்ணைக் கழுவி, விளக்கை அசைத்துப் பார்வையைச் சோதித்து, கருவிழி தப்பியது என்றார். அடுத்த முறையும் தப்பும் என்று தம்மால் சொல்ல இயலாது என்றும் சொன்னார். இம்முறை அவரை வீட்டுக்குப் போக விடவில்லை.

இந்த ஓலை மலையேறி, தங்கள் உலை எரிந்து, கத்தரி இறங்கி வர ஒரு திங்களாவது ஆகும். நகம் அதுவரை காத்திருக்காது. நான் முத்துக் கோப்போரின் கத்தரியைக் கொதிநீரில் இடச் சொன்னேன்.

கூத்தனார் என் காலருகே அமர்ந்து, எல்லைக் கல்லை எண்ணிப் பார்க்கும்படியும், கருங்குன்றத்தின் படையை எண்ணிப் பார்க்கும்படியும், மன்னர் கடலில் இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்கும்படியும் மன்றாடினார். எல்லாவற்றையும் எண்ணிவிட்டேன் என்றேன். கல்லைத் திரும்ப நட்டுக்கொள்ளலாம், கண்ணை எங்கே போய்க் கேட்பது என்று அவரைக் கேட்டேன். அவர் எழுந்து வழிவிட்டார். அவருக்கும் பேரப்பிள்ளை உண்டு.

செங்கணாரை வரவழைத்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை என்றும், காண்பதை உள்ளபடி தங்களிடம் உரைக்கலாம் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து நின்று, கருங்குன்றத்தின் பெயரால் முறைப்படி மறுப்புரைத்தார். இது உடன்படிக்கைக்கு மாறு என்றும், இதன் விளைவுக்குச் சங்குத்துறையே பொறுப்பு என்றும் குரல் தாழாமல் கூறினார். கூறி முடித்ததும், இடைவாளை அவிழ்த்து வாயிலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, வெளிச்சம் போதாது என்று சொல்லிச் சாளரத்தின் திரையை விலக்கித் தம் கையாலேயே பிடித்துக்கொண்டார்.

பிள்ளை பால் குடித்து மருதியின் மடியில் நன்றாக உறங்கியிருந்தான். நான் அவன் பெருவிரலின் சதையைக் கீழே அழுத்தி நகத்தைத் தனியே பிரித்துப் பிடித்தேன். எடுத்த கத்தரியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். பெருவிரல் முடிந்தது. சுட்டுவிரல் முடிந்தது. நடுவிரல் முடிந்தது. மோதிர விரலில் அலகு மூடும் வேளையில் அவன் ஏதோ கனவு கண்டு சிரித்தான். சிரித்துக் கையை வெடுக்கென்று இழுத்தான். அலகு சதையின்மேல் மூடியது.

செங்கணார் பிடித்திருந்த திரை ஆடியது. நான் விரலைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மருதிதான் பார்த்தாள். ஒரு சிறு பள்ளம், அவ்வளவே, இரத்தம் இல்லை என்றாள். பிள்ளை பெருமூச்சு விட்டு உறக்கத்தைத் தொடர்ந்தான். அந்த விரல் யாளியின் வாயில் இருந்திருந்தால் என்று எண்ணினேன் அண்ணா. எண்ணியதை இந்த ஓலையில் எழுதச் சொல்ல மாட்டேன். சற்று அழுதேன். பின்பு மீதி விரல்களையும் முடித்தேன்.

ஆகவே யாம் அறிவிப்பது. அலையேந்தலின் கைந்நகங்கள் மாமன் வீட்டு இரும்பால் வெட்டப்படவில்லை. இதைச் செய்தவள் நறுங்கோதை ஒருத்தியே. மன்னருக்கோ, அமைச்சருக்கோ, இந்நாட்டுக் குடிகளுக்கோ இதில் பங்கில்லை. தூதர் செங்கணார் தம் கடமையில் அணுவளவும் குறையவில்லை. அவரை முகம் சுளித்துப் பார்க்கவும் வேண்டா. எல்லைக் கல்லைப் பிடுங்குவதானால் தாங்களே பிடுங்கிக்கொள்ளலாம், யாம் தடுக்க ஆள் அனுப்ப மாட்டோம். பொன்யாளியைக் கருவூலத்தில் வைத்திருக்கிறோம். அவன் வளர்ந்து தன் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் நாளில் அவன் கையில் கொடுப்போம், பிடரியைச் செய்தவர் யார் என்பதையும் சொல்வோம். அதுவரை அதைத் தீட்டலாகாது என்று ஆணையிட்டுச் சாணைக்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டோம். முதல் முடியும் காதுகுத்தும் இன்னும் தங்களுடையவையே. முடிக்குச் சிறு கத்தியாகவும் காதுக்கு ஊசியாகவும் அனுப்புங்கள். வேல் அனுப்ப வேண்டா.

கால் நகங்களை நான் தொடவில்லை. அவை மெல்ல வளர்பவை, கண்ணைக் கீறாதவை, ஒரு திங்கள் பொறுக்கக் கூடியவை. பத்தையும் தங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன். மெழுகு அச்சின்படி தங்கள் இரும்பில் ஒன்று செய்து, யானையை மலையிலேயே விட்டுவிட்டு, தாங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். அவனைத் தங்கள் மடியில் படுக்க வைக்கிறேன். திரையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

சங்குத்துறை அரசி நறுங்கோதை வாய்மொழியாகச் சொல்ல, ஓலைநாயகம் கேட்டபடி கீறியது. அமைச்சர் கூத்தனார் பெருமூச்சோடு கண்டு ஒப்பியது. சங்கு முத்திரை பதித்தது. கொண்டு செல்பவர் செங்கணார். வழியில் எவரும் தடுக்கலாகாது. கடலும் மலையும் உள்ள அளவும் இச்சொல் நிற்க.

இத்துடன் ஒரு பட்டுமடிப்பும் வருகிறது. உள்ளே இருப்பது தங்கள் மருமகனின் இடக்கைச் சுண்டுவிரல் நகம். தங்கள் ஆயுதச் சாலைத் தலைவர் அளவு கேட்டால் அதைக் காட்டுங்கள். இது ஒன்று மட்டும் சங்குத்துறை அரசியின் ஆணை, தமையனாரும் மீறலாகாது: மடிப்பைப் பிரிக்கும் முன்பு சாளரங்களை அடைக்கச் சொல்லுங்கள், மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். விட்டால் பறந்துவிடும்.